வேற்றூர் சென்றோரின் கூட்டுறவும் நிலமுடையோரின் கணக்கும்

நாரணாபுரம் முதலிய சிவகாசி வட்டாரத்துக் கிராமங்களில் மானாவாரிப் பயிர் செய்யும் குடியானவர்களிடையே ஒரு குறை நெடுநாளாகப் பேசப்பட்டு வருகிறது. விதைப்புக்கும் களையெடுப்புக்கும் உள்ளூர் ஆள் அகப்படுவதில்லை. இருக்கும் கைகளெல்லாம் பட்டாசுச் சாலைகளுக்கும் தீப்பெட்டி ஆபீசுகளுக்கும் அச்சகங்களுக்கும் போய்விடுகின்றன என்பது அக்குறையின் ஒரு பாதி. வெளியூர் ஆட்களை அழைத்தாலோ, அவர்கள் கூட்டமாக வருகிறார்கள், எல்லோரும் ஒரே கூலியைச் சொல்லி நிற்கிறார்கள், ஒருவனை மட்டும் வேண்டாமென்றால் அனைவரும் மூட்டை கட்டுகிறார்கள், ஒருவனுக்குக் காய்ச்சலென்றால் மற்றொருவன் வேலையை விட்டு அவனருகில் உட்கார்ந்து விடுகிறான் என்பது மறுபாதி. முதற்பாதியைப் பற்றிப் பேசுவோர் பலர். இரண்டாம் பாதியே இங்கு ஆராயத் தக்கது. ஏனெனில், பிடிவாதம் என்று குடியானவர் சலித்துக் கொள்ளும் இக்கட்டுப்பாடு, முன்னொரு காலத்தில் இச்சீமையார் கடல் கடந்து சென்றபோது அவர்களை உயிரோடு காத்த கட்டுப்பாடேயாகும்.

கரிசல் நிலமும், வடகிழக்குப் பருவமழையையே நம்பிய கண்மாயும் உள்ள இப்பிரதேசத்தில், மழை ஒருமுறை பொய்த்தால் அவ்வாண்டு விதைத்ததும் போயிற்று, கூலியும் போயிற்று என்னும் நிலைமை தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. 1922 இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பின்னரே சிவகாசியில் வேறொரு பிழைப்புக்கு வழி திறந்தது. அதற்கு முன்னர் பஞ்சம் நேர்ந்தால் ஏழைக்கு இருந்த வழி கடல்வழி ஒன்றே. சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகள் 1910 இல் ஏற்பட்ட பழைய இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. அந்த ஜில்லாவும், அதையடுத்த மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களும், புதுக்கோட்டைச் சீமையும், சேலமும் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய முக்கியமான பிரதேசங்களாம். தொடக்க நாட்களில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளை வரை போக வேண்டும். வழியில் வாந்திபேதியால் மாண்டவர் பலர். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஏற்பட்டு இருபுறமும் இரயில் இணைந்த பின் வழி சுருங்கியது. மண்டபம் முகாமில் தங்கிப் பரிசோதனை முடிந்து அக்கரை சென்றனர்.

இவர்கள் தனித்தனியே போனவர்களல்லர். கங்காணி என்பவன் தன் ஊருக்கு வந்து, தன் உறவினரையும் அண்டை வீட்டாரையும் சேர்த்துக் கொண்டு போவான். ஒரு கூட்டத்தார் பெரும்பாலும் ஓரூராரும் ஓரினத்தாருமாக இருந்தனர். மலைநாட்டில் குளிரும் அட்டைக்கடியும் மொழி தெரியாத சுற்றுப்புறமும் சூழ்ந்த லயத்து அறைகளில், பிரசவம் பார்த்தவளும் அந்தக் கூட்டத்திலேயே இருந்தாள். பிணத்தைத் தூக்கியவனும் அந்தக் கூட்டத்திலேயே இருந்தான். தாயார் கொழுந்து பறிக்க மலையேறிய வேளையில் கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் வைத்துப் பார்த்த கிழவியும் அவ்வாறே. மாரியம்மன் திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் லயத்தார் பணம் சேர்த்தனர். சாவு நேர்ந்த வீட்டில் உலை வையாது அடுத்த அறையார் சோறு கொடுத்தனர். ஊரில் இருந்த உறவும் முறையும் அக்கரையில் ஒருவகை வைத்தியசாலையாகவும் வங்கியாகவும் பஞ்சாயத்தாகவும் பயன்பட்டன என்றால் மிகையாகாது.

ஆயினும் இவ்வுறவை மட்டும் புகழ்ந்து நிறுத்துவது அரைகுறைப் பேச்சாகும். எந்த உறவு தாங்கியதோ அந்த உறவின் வழியாகவே கடனும் ஏறியது. பிரயாணச் செலவு, ஊரில் விட்டு வந்த முன்பணம், அரிசி விலை யாவும் கங்காணியின் பெயரில் எழுதப்பட்டு, அவன் வழியே ஒவ்வொருவன் தலையிலும் விழுந்தன. ஒரு கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அதன் கடன் இன்ன தொகையென்றும், அதைச் செலுத்தினால் ஆட்களை விடுவிப்பதாகவும் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதற்குத் துண்டு என்று பெயர். புதுத் தோட்டத்தார் அத்தொகையைக் கட்டி ஆட்களை ஏற்றுக் கொள்வர். கடன் மட்டும் தீராது, அது ஆட்களுடனேயே குடிபெயரும். 1921 இல் சட்டத்தினால் துண்டு ஒழிக்கப்பட்டது. அதுகாறும், தனக்கு எவ்வளவு கூலி விழுந்தது, எவ்வளவு பிடிக்கப்பட்டது, எவ்வளவு கடன் நிற்கிறது என்பதை அறியாமலே செத்தவர் எத்தனையோ பேர். பெரிய கங்காணிகளுள் அன்புடையோரும் இருந்தனர், கல்நெஞ்சரும் இருந்தனர். கணக்கு அவர்கள் மடியில் இருந்தவரை இரண்டிற்கும் வித்தியாசம் அதிகமில்லை.

இலங்கை சுதந்தரம் பெற்ற ஆண்டிலேயே, 1948 இல், குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டு அம்மக்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாராயினர். 1964 அக்டோபர் 30 இல் லால்பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் செய்து கொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974 வரை தள்ளிவைக்கப்பட்டது. மூன்று தலைமுறைக்குப் பின் மண்டபத்தில் வந்து இறங்கியோருக்குப் பாட்டனார் ஊரின் பெயர் தெரியும். ஊராருக்கு இவர்களைத் தெரியாது. தாயாதிகள் நிலத்தில் பங்கு கேட்பார்களோவென்று அஞ்சினர்; மற்றவர் 'சிலோன்காரர்' என்று ஒதுக்கினர். சர்க்கார் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் அமைத்தும், 1969 இல் தாயகம் திரும்பியோருக்கென ஒரு கூட்டுறவு வங்கி ஏற்படுத்தியும் உதவியது மெய்யே. ஆனால் கூடலூர், கோத்தகிரி மலைகளில் புதுக்குடியேறியோருக்கு முதல் நாட்களில் துணை நின்றவர் இரத்த உறவினரல்லர். பழைய தோட்டத்தில் அடுத்த லயத்தில் இருந்தவரே. உடன் உழைத்ததால் ஏற்பட்ட உறவு, பிறப்பால் ஏற்பட்ட உறவைக் காட்டிலும் உறுதியாக நின்றதற்கு இதனினும் சிறந்த சாட்சி வேண்டியதில்லை.

மலேயாவில் நடந்த சம்பவம் இன்னும் கவனிக்கத் தக்கது. நிலத்தின் அருமையறிந்த குடியானவர்கள் அதனைச் சற்று விரிவாகவே அறிதல் நலம். அங்கும் கங்காணி முறையே நெடுநாள் நடந்தது. 1938 இல் இந்திய சர்க்கார் கைவேலைத் தொழிலாளரை உதவிப்பணம் கொடுத்து அனுப்புவதைத் தடை செய்தனர். அதற்குள் இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டும் தமிழர் இலட்சக்கணக்கினராயினர். அவர்களுடைய கூட்டுறவு முதலில் மானத்தின் பொருட்டு எழுந்தது. 1941 இல் கிள்ளான் பகுதியில் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டுமென்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. யுத்தம் முடிந்த பின், 1946 இல், கெடா நாட்டுத் தோட்டங்களில் தொண்டர் படை என்றொன்று தோன்றியது. பால் வெட்டுவோரே அதில் சேர்ந்து, தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்துக் கொடுத்த கூலியைத் திரும்ப வாங்கிக் கொள்ளும் வழக்கத்தை எதிர்த்து மறியல் செய்தனர். 1947 இல் போலீசாருடன் மோதல் நேர்ந்து அப்படை ஒடுக்கப்பட்டது. 1954 இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் ஏற்பட்டு, கூலி பற்றிய பேச்சு ஒழுங்குபட்டது.

இவையெல்லாம் கூலிக்கான கூட்டுறவு. நிலத்துக்கான கூட்டுறவு அதன் பின்னரே வந்தது. 1957 இல் மலாயா சுதந்தரம் பெற்றதும், ஐரோப்பிய முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தனர். துண்டு வாங்கியவனுக்குப் பழைய ஆட்கள் தேவையில்லை. இரண்டு தலைமுறையாக அம்மரங்களை வெட்டிப் பால் எடுத்தவர்கள், வேலையை மட்டுமன்றிக் குடியிருந்த வீட்டையும், பிள்ளைகள் படித்த பள்ளியையும், தாங்கள் கட்டிய கோயிலையும் ஒருங்கே இழந்து வீதிக்கு வந்தனர். அப்போது மந்திரியாயிருந்த வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் தகப்பனார் 1896 இல் தொழிலாளியாக மலேயாவுக்குச் சென்று பின்னர் தோட்டம் வாங்கியவர். ஆகவே இரு நிலையும் அக்குடும்பம் அறிந்ததே. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளரே வாங்கலாம் என்று எடுத்துரைத்தார். பங்கு ஒன்றுக்கு நூறு வெள்ளி. அதை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். நாட்கூலிக்காரனுக்குப் பத்து வெள்ளி சிறு தொகையன்று. கிராணிமாரிலும் படித்தவரிலும் நகைத்தோர் உண்டு. எனினும் 1961 இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து வேறு பல தோட்டங்களும் வந்தன. ஆங்காங்கிருந்த தொழிலாளர் வீடு மாறவில்லை, பள்ளி மூடப்படவில்லை.

எல்லாத் தோட்டங்களையும் அச்சங்கம் காப்பாற்றி விடவில்லை. அதன் கைக்கெட்டாது துண்டாடப்பட்டவை அநேகம். பிற்காலத்தில் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் இரப்பர்க் காடுகள் மாறியபோது வெளியேறியோர் துன்பமும் பெரிது. ஆயினும் லயத்துக் கூட்டுறவுக்கும் இதற்கும் உள்ள பேதத்தை நோக்க வேண்டும். லயத்தில் உதவி பெற ஊரும் முறையும் பொருந்த வேண்டும். இங்கே பங்குச் சீட்டு ஒன்றே போதும். ஆர்க்காட்டான், தஞ்சாவூரான் என்னும் வேற்றுமை பங்கேட்டில் இல்லை. லயத்தில் கொடுத்தது கொடுத்தவன் நினைவில் மட்டும் நின்றது. இங்கே செலுத்தியவன் பெயரில் எழுதப்பட்டது. பழைய துண்டுச் சீட்டில் தொழிலாளியின் கடன் எழுதப்பட்டிருந்தது. இப்புதுச் சீட்டில் அவனது சொத்து எழுதப்பட்டது.

இது தமிழருக்கு மட்டும் உரிய அனுபவமன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பழத்தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் வேலை செய்யும் மெக்ஸிகோ தேசத்தாரின் வரலாறு ஏறக்குறைய இதே வழியில் செல்லுகிறது. 1942 முதல் 1964 வரை இரு சர்க்காரும் செய்த ஏற்பாட்டின் கீழ் 45 இலட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களின் பேரில் அவர்கள் பருவ வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். முதற் சில ஆண்டுகளில், ஊர் திரும்பியபின் தருவதாகச் சொல்லிக் கூலியில் பத்திலொரு பங்கு பிடிக்கப்பட்டது. அப்பணம் கைக்கு வாராமலே முதுமையடைந்தோர் பலர், அதன் பொருட்டு அரை நூற்றாண்டு கழித்தும் வழக்காடினர். மேலிருந்து பிடித்த சேமிப்பு இவ்வாறாயிற்று. அவர்கள் தாமே நடத்தியதோ வேறு. பத்துப்பேர் சேர்ந்து வாரந்தோறும் ஒரு தொகை போட்டு, முறைவைத்து ஒருவர் எடுத்துக் கொள்ளும் வழக்கம் அவர்களிடம் உண்டு. அதற்குத் தாண்டா என்று பெயர். நாரணாபுரத்துப் பெண்கள் அதைக் கண்டால் சீட்டு என்று உடனே அடையாளம் கண்டு கொள்வர். 1962 இல் ஸீஸர் சாவேஸ் முதலியோர் கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, கூலிப் பேச்சை முதலில் எடுக்கவில்லை. இறந்தவரை அடக்கம் செய்யும் செலவுக்கு ஓர் இன்ஷூரன்ஸும், சிறு கடனுக்கு ஒரு நாணய சங்கமுமே முதலில் வைத்தனர். சாவுக்கும் நோய்க்கும் பயம் தெளிந்த பின்னரே மற்றவற்றுக்குத் துணிவு பிறக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1965 இல் டெலானோவின் திராட்சைத் தோட்டங்களில் முதலில் வேலையை நிறுத்தியவர்கள் பிலிப்பைன்ஸ் தீவினர். மெக்ஸிகோவார் சில நாட்களில் அவர்களோடு சேர்ந்தனர். வேறு மொழியாருடன் சேர்ந்ததனாலேயே 1970 இல் தோட்டக்காரர்கள் உடன்படிக்கைக்கு வந்தனர். மேலும், ஸாக்காதேகாஸ் மாநிலத்தினின்று சென்றோர் அயல்நாட்டில் தத்தம் ஊர்ப் பெயரால் சங்கம் வைத்து, தங்கள் ஊருக்குச் சாலையும் குடிநீரும் அமைக்கப் பணம் அனுப்பினர். அவர்கள் ஒரு பங்கு கொடுத்தால் ஊராட்சியும் மாநிலமும் மத்திய சர்க்காரும் ஒவ்வொரு பங்கு சேர்க்கும் திட்டமொன்று 2002 முதல் அந்நாடெங்கும் பல ஆண்டுகள் நடைபெற்றது.

கடல் கடந்த உதாரணங்களுக்கே போக வேண்டுமென்பதும் இல்லை. விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களின் மகமை, வழிப்பயணத்தில் பிறந்த ஏற்பாடாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வண்டிகளில் சரக்கேற்றிச் சென்ற நாடார் வணிகர், கள்வர் பயத்தால் மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்து அங்கே தங்கினர். தங்கும் வண்டிக்கும் விற்கும் மூட்டைக்கும் இவ்வளவு என்று தாமே விதித்துக் கொண்ட வரி மகமையாயிற்று. அதை உறவின்முறையார் கணக்கு வைத்துக் காத்தனர். அப்பொதுப்பணத்தினின்றே 1885 இல் விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலை எழுந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் உலையிலிடுமுன் எடுத்து வைத்த பிடியரிசியும் அப்பள்ளிக்குப் போயிற்று. காமராஜர் படித்த பள்ளி அதுவே. மகமை ஒரு சமூகத்தாரின் எல்லைக்குள் நின்றது என்பது அதன் குறை. எனினும் ஆண்டுக்கணக்கு எழுதிப் பலர் முன் வாசிக்கும் வழக்கம் அதன் பலம். இவ்வட்டாரத்தில் பள்ளிகள் பெருகியதற்கு அவ்வழக்கம் ஒரு முக்கிய காரணம்.

இனி இங்கு வந்து உழைப்போரைப் பார்க்கலாம். அண்மை ஆண்டுகளில் வங்காளம், பீகார் முதலிய மாநிலங்களினின்று குழுக்குழுவாக வந்து தஞ்சை, திருவாரூர்ப் பகுதிகளில் நாற்று நடுகிறார்கள். நூற்பாலைகளிலும் செங்கற் சூளைகளிலும் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் ஓரூராராக வருகிறார்கள். ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். ஒருவன் ஊருக்குப் பணம் அனுப்ப முடியாத மாதத்தில் மற்றவர் கைமாற்றுக் கொடுக்கிறார்கள். அவர்களை அழைத்து வருபவன் மேஸ்திரி. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, முழுத் தொகையையும் மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டுத் தன் பொறுப்பு முடிந்ததென்று வீட்டுக்குப் போகும் நிலக்காரர், தம்மையறியாமலே பழைய துரையின் நாற்காலியில் அமர்கிறார். அந்தக் கூட்டத்தில் எவனுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது அவருக்குத் தெரியாது. மேஸ்திரி கொடுத்த முன்பணம் எவன் தலையில் ஏறியிருக்கிறது என்பதும் தெரியாது. இச்சீமையாரின் பாட்டன்மார் எந்தக் கணக்கில் அழிந்தார்களோ அந்தக் கணக்கு இங்கே வேறு மொழியில் எழுதப்படுகிறது.

இவ்வாறு சொன்னால் நிலக்காரர் ஓர் ஆட்சேபத்தைக் கூறுவர், அது நியாயமானதே. மூன்று ஏக்கர் மக்காச்சோளமோ பருத்தியோ வைத்திருப்பவன், களை தலைக்கு மேல் வளரும் போது பெயர் பெயராகக் கூலி எண்ணிக் கொண்டிருக்க முடியுமா? கூட்டமாக நின்று கூலியை உயர்த்தினால் விளைச்சல் விலை கட்டுமா? கட்டாத ஆண்டுகள் உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் குடியானவன் தனித்து நிற்பதாலேயே அவனுக்கு அந்தக் கஷ்டம் வருகிறது. தொழிலாளர் பத்துப்பேர் சேர்ந்து வரும்போது, அடுத்தடுத்த நிலக்காரர் பத்துப்பேர் தனித்தனியே ஒரே நாளுக்கு ஆள் தேடிப் போட்டியிட்டுக் கூலியை ஏற்றுகிறார்கள். இன்று உன் புஞ்சைக்கு நாங்கள், நாளை எங்கள் புஞ்சைக்கு நீ என்னும் மாற்றாள் முறை தங்கள் தந்தையர் காலத்தில் நடந்ததை நினைவு கூர்வோர் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்து நிலக்காரர் கூடி விதைப்பு நாட்களையும் களையெடுப்பு நாட்களையும் முன்பின்னாக வகுத்துக் கொண்டு, ஒரே குழுவை இருபது முப்பது நாட்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுத்து அழைத்தால், நாட்கூலி சற்றுக் கூடினாலும் பயிர் களையில் மூழ்காது. குழுவும் வேலையின்றிக் காத்திருக்கும் நாட்களுக்காக உயர்ந்த கூலி கேட்க வேண்டியிராது.

பட்டாசுச் சாலைகள் தீபாவளிக்குப் பின் சில வாரங்கள் மூடிக் கிடப்பது வழக்கம். ஐப்பசி கார்த்திகைக் களை பெரும்பாலும் அந்நாட்களை ஒட்டியே வருகிறது. உள்ளூர்ப் பெண்கள் வீட்டிலிருக்கும் அந்த வாரங்களுக்குக் களையெடுப்பையும், ஆட்பஞ்சம் மிகுந்த தீபாவளிக்கு முந்திய நாட்களில் விதைப்பை மட்டும் விதைப்புக் கருவியைக் கொண்டும் முடித்துக் கொண்டால், வெளியூர்க் குழுவை நம்பியிருக்கும் நாட்களும் குறையும்.

நோயுற்றவனைப் பார்க்க ஒருவன் உட்கார்ந்து விடுகிறான் என்னும் குறை பற்றியும் ஒரு வார்த்தை. பார்ப்பாரின்றிக் கிடந்தவன் மறு ஆண்டு அவ்வூருக்கு வாரான். அவன் ஊரார் எவரும் வாரார். ஆள் வரவு வாய்மொழியால் நடப்பது. பாம்பு கடித்த ஆளைத் தாமதியாமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்ற நிலக்காரருக்கு அடுத்த பருவத்தில் ஆள் தேட வேண்டியிராது.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் செய்யத் தக்கவை அதிகச் செலவுடையன அல்ல. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாடு, ஒரே நாடு ஒரே ரேஷன் என்னும் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. வேறு மாநிலத்து உணவுப் பாதுகாப்புச் சட்ட அட்டையுள்ளோர் இங்குள்ள நியாயவிலைக் கடையில் கைரேகை வைத்து அரிசியோ கோதுமையோ பெறலாம். இதனை அறியாமல் வெளிக்கடையில் வாங்கித் தின்போர் உண்டு. கடைக்காரரும் மொழி தெரியாமையால் திருப்பி அனுப்புவதுண்டு. 2021 ஆகஸ்டு முதல் நடந்து வரும் இ-ஷ்ரம் பதிவு அமைப்புசாராத் தொழிலாளர் அனைவருக்கும் உரியது. விவசாயக் கூலியாளரும் அதில் சேருவர். குழு வந்து இறங்கிய வாரத்திலேயே ஒவ்வொருவர் பெயர், தந்தை பெயர், ஊர், தகவல் சொல்ல வேண்டிய வீட்டின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால், விபத்து நேர்ந்த நாளில் எவருக்குச் சொல்லுவது என்று தவிக்க வேண்டியிராது. குடும்பத்தோடு வந்தவரின் பிள்ளைகளைப் பருவத்தின் நடுவிலாயினும் உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்துக் கொள்ளத் தலைமையாசிரியரிடம் சொல்லுதல் வேண்டும்.

நிலக்காரர் செய்யத் தக்கது இதனினும் எளிது. வேலை தொடங்குமுன் குழுவினர் அனைவரையும் நிறுத்தி, பேசிய தொகை இன்னது, முன்பணம் இன்னது, மேஸ்திரியின் பங்கு இன்னது என்பதை எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட வேண்டும். மொழி தெரிந்த ஒருவன் குழுவில் எப்போதும் இருப்பான். வாரக் கடைசியில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே நாட்கணக்கைக் குறித்து, கூலியை அவரவர் கையிலோ, அஞ்சலகம் அல்லது வங்கிக் கணக்கிலோ சேர்த்து, மேஸ்திரிக்குரியதை மேஸ்திரிக்குத் தனியே கொடுக்கலாம். பத்துப்பேருக்கு இதைச் செய்ய அரைமணி நேரம் பிடிக்கும். கணக்கெழுதக் கை வராதவர் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும்.